வன்னியில் வீட்டு அலுவலகத்துக்கு ஓல்-இன்-வன் பிரிண்டர்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைக்குள் கால் வைத்ததும் வரும் கேள்வி, "எவ்வளவுக்குள்ள பாக்கிறியள்?" என்பதுதான். ஒரு தொகையைச் சொன்னால் அந்தத் தொகைக்குள் அடங்கும் பெட்டி மேசைக்கு வந்துவிடும். அது உங்கள் வேலைக்குப் பொருந்துமா என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். ஆகவே கடைக்குப் போக முதல் வீட்டில் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். போன மாதம் வெளியே கொடுத்து அடித்தவை, கொப்பி எடுத்தவை, ஸ்கேன் செய்தவை எத்தனை? அதில் கலர் எத்தனை, இரண்டு பக்கமும் அடித்தவை எத்தனை, ஏ4 தாளை விட நீளமானவை எத்தனை? அதோடு இன்னொன்றும் உண்டு. மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பவருக்கு மைப் போத்தல் எந்தக் கடையில் கிடைக்கும், பிழைத்தால் திருத்துபவர் கிளிநொச்சியிலா வவுனியாவிலா யாழ்ப்பாணத்திலா கொழும்பிலா என்பது பிரிண்டரின் வேகத்தை விடப் பெரிய விசயம்.

பெட்டியின் விலையை மட்டும் பார்ப்பது

காட்ரிஜ் போடும் சிறிய இங்க்ஜெட் பிரிண்டர்தான் எப்போதும் மலிவு. அந்த மலிவைக் காட்ரிஜ்ஜில் திருப்பி எடுத்துவிடுவார்கள். எச்பி 680 கறுப்புக் காட்ரிஜ் ஏறத்தாழ 480 பக்கம் தரும், கலர் 150 பக்கம்தான். எப்சன் 003 கறுப்பு மைப் போத்தல் 65 மில்லிலீற்றர், 4,500 பக்கம். மாதம் 300 பக்கம் அடிப்பவருக்கு முதலாவது ஒன்றரை மாதம் காணும், இரண்டாவது ஒரு வருடத்தைத் தாண்டும். விலைகள் டொலரோடு ஏறி இறங்குவதால் இங்கே எழுதிப் பயனில்லை. கடையில் நின்றபடியே மையின் விலையைப் பக்க எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

அந்தப் பக்க எண்ணிக்கையும் தாளில் ஏறத்தாழ 5 சதவீதம் மட்டும் மை படும் சாதாரணக் கடிதத்தை வைத்துச் சொல்லப்படுவது. வரைபடமும் அட்டவணையும் நிறைந்த வினாத்தாள் அடித்தால் அதில் பாதிதான் வரும். போத்தலால் மை ஊற்றும் ராங்க் பிரிண்டரில் முதல் நிரப்பும் மையின் ஒரு பகுதி குழாய்களை நிறைக்கவே போய்விடும். லேசர் பிரிண்டரோடு வரும் ரோனரும், அதாவது மைக்குப் பதிலான பொடிப் பெட்டியும், பெரும்பாலும் முழு ரோனர் அல்ல, 500 முதல் 700 பக்கத்துக்குரிய தொடக்க ரோனர். "ரோனர் உள்ளுக்கு இருக்கு" என்று கடைக்காரர் சொன்னால், எத்தனை பக்கத்துக்குரியது என்று கேளுங்கள்.

மாதம் 3,000 பக்கத்துக்கு மேல் போகும் ரியூசன் ஆசிரியர்களுக்கு இந்த வகை எதுவும் சரிவராது. அவர்கள் பாவித்த போட்டோக்கொப்பி இயந்திரத்தைப் பார்ப்பது நல்லது. பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் மாதாந்த உச்ச அளவு, ஒரு மாதம் தாங்கும் எல்லை. மாதாமாதம் அந்த அளவில் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை.

குறைவாக அடிப்பவர் மை பிரிண்டர் எடுப்பது

மாதத்தில் நாலு கடிதம், இடைக்கிடை ஒரு விண்ணப்பம் என்றால் இங்க்ஜெட் வேண்டாம். மை வெளிவரும் துளைகள் தலைமயிரை விட மெல்லியவை. பங்குனி தொடக்கம் புரட்டாதி வரை வன்னியில் அடிக்கும் வெக்கைக்கும் காய்ந்த சோளகக் காற்றுக்கும், இரண்டு மூன்று கிழமை சும்மா இருந்தாலே மை துளையில் காயத் தொடங்கும். பிறகு எழுத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு விழும். மை துப்பும் ஹெட்டின் அடைப்பு எடுக்க ஹெட் கிளீனிங் கொடுப்போம். அது மையை உறிஞ்சி, பிரிண்டருக்குள் இருக்கும் பஞ்சில் கொட்டும். அந்தப் பஞ்சு நிறைந்தால் வேறொரு சிக்கல், அதைக் கீழே சொல்கிறேன். ரோனர் பொடி காயாது. ஆறு மாதம் கழித்துப் போட்டாலும் அடிக்கும். கறுப்பு மட்டும் போதும் என்றால் குறைந்த பாவனைக்கு லேசர்தான்.

இங்க்ஜெட்தான் வேண்டும் என்றால் கிழமைக்கு ஒரு தரம் நாலு நிறமும் வரும் ஒரு தாளை அடியுங்கள். துளைகள் சரியா என்று காட்டும் நொசில் செக் தாளே போதும், மையும் பெரிதாகப் போகாது. நிறுத்தும்போது பிரிண்டரின் சொந்த பட்டனை அழுத்தி நிறுத்துங்கள். மல்டி பிளக்கின் சுவிட்சைத் தட்டி அணைத்தால் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்கார முதலே கரண்ட் போய்விடும். வெறுமையாக நிற்கும் ஹெட் விரைவில் அடைத்துக்கொள்ளும். "வாங்கி மூண்டு மாசத்தில ஹெட் போட்டுது" என்ற முறைப்பாடுகள் பலவற்றின் மூலம் இந்தச் சுவிட்ச்தான்.

கறுப்பு மை எந்த வகை என்று கேட்காதது

கடையில் ஒருவரும் சொல்லாத விசயம் இது. கறுப்பு மையில் இரண்டு வகை உண்டு. சாயமை நீரில் கரைந்திருக்கும், நிறமி மையில் நுண்ணிய துகள்கள் தாளின் மேல் படிந்து நிற்கும். எப்சன் எல்3210, எல்3250 பிரிண்டர்கள் பாவிக்கும் 003 வரிசையில் கறுப்பும் சாயமைதான். அதே நிறுவனத்தின் 001 வரிசைக் கறுப்பு நிறமி மை. கெனன் ஜி வரிசையில் பெரும்பாலானவற்றிலும் எச்பி ஸ்மார்ட் ராங்கிலும் கறுப்பு நிறமி, மற்ற நிறங்கள் சாயம்.

இது ஏன் முக்கியம்? மாரியில் விண்ணப்பத்தை ஷொப்பிங் பையில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கச்சேரிக்குக் கொண்டு போகிறோம். ஒரு துளி ஈரம் பட்டால் சாயமையில் அடித்த அடையாள அட்டை இலக்கம் நீலம் கலந்த கறையாகப் பரவும். சமாதான நீதவானின் சீல் ஈரத்தோடு விழுந்தாலும் கீழே இருக்கும் எழுத்து கரையும். அலுவலகங்களுக்குக் கொடுக்கும் தாள்தான் உங்கள் முக்கிய வேலை என்றால் நிறமிக் கறுப்பு அல்லது லேசர் எடுங்கள். லேசர் எழுத்து உருகி ஒட்டிய பிளாஸ்டிக், தண்ணீருக்கு அசையாது. அதற்கும் ஒரு குறை உண்டு. மலிவான பிளாஸ்டிக் கோவைக்குள் வருடக்கணக்கில் அமுக்கி வைத்தால் எழுத்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வரும்.

படம் அடிப்பதற்காகக் கலருக்குக் கூடப் பணம் கொடுப்பவர்களும் உண்டு. கடவுச்சீட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில்தான் படம் எடுக்க வேண்டும், வீட்டில் அடித்த படம் அங்கே உதவாது.

ஸ்கேனர் கண்ணாடியை அளக்காதது

இங்கே வீட்டுக்கு வீடு காணி உறுதி உண்டு. பழைய உறுதிகள் பெரும்பாலும் ஏ4 அல்ல, நீளத் தாளில் எழுதப்பட்டவை. ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீற்றர், லீகல் தாளின் நீளம் 356. வீட்டுப் பிரிண்டர்களின் கண்ணாடி கிட்டத்தட்ட எல்லாமே 216க்கு 297 தான். உறுதியைக் கண்ணாடியில் வைத்தால் கீழே ஏறத்தாழ 6 சென்றிமீற்றர் வெளியே தொங்கும். பெரும்பாலும் கையொப்பமும் சாட்சிகளின் பெயரும் இருப்பது அந்த இடத்தில்தான். இரண்டு தரம் ஸ்கேன் செய்து ஒட்டலாம், ஆனால் ஒட்டிய பிரதியைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

மேலே தாள் செருகும் ஏடிஎஃப் உள்ள மொடல்களில் பல, கண்ணாடி ஏ4 ஆக இருந்தாலும் ஏடிஎஃப் வழியாக லீகல் நீளத்தை எடுக்கும். விவரத் தாளில் இரண்டு அளவும் தனித்தனியே இருக்கும், இரண்டையும் பாருங்கள். ஆனால் மூல உறுதியை ஏடிஎஃப்பில் விடவே கூடாது. மடிப்பில் நைந்த தாள் உருளையில் கிழிந்தால் அதற்கு மாற்று இல்லை. நல்ல நிலையில் உள்ள நீளக் கொப்பிகளுக்குத்தான் அந்த வழி. மூலத்துக்கு லீகல் கண்ணாடி உள்ள இயந்திரம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு தரம் போய் எடுத்து வைப்பதே நல்லது.

இன்னொன்று, வீட்டுப் பிரிண்டர்களில் இருப்பது சிஐஎஸ் என்ற மெல்லிய சென்சர். கண்ணாடியோடு ஒட்டிய தாளை மட்டும் தெளிவாகப் பிடிக்கும், 2 மில்லிமீற்றர் எழும்பினாலே மங்கும். தைத்த உறுதியின் முதுகுப்பக்கமும் தடித்த புத்தகத்தின் நடுப்பக்கமும் புகையாக வருவது அதனால்தான். மூடியை அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் திருந்தும். நிறைய அழுத்தினால் கண்ணாடி வெடிக்கும்.

பெட்டியில் 1200, 2400 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்று போட்டிருப்பதில் மயங்க வேண்டாம். ஆவணத்துக்கு 300 டிபிஐ போதும், பழைய குடும்பப் படத்துக்கு 600. ஏ4 கலரை 300இல் எடுத்தால் சுருக்க முதல் ஏறத்தாழ 26 எம்பி, 600இல் அதுவே நாலு மடங்கு. இணைய விண்ணப்பங்கள் பல ஒன்றிரண்டு எம்பிக்கு மேல் ஏற்காது. ஆகவே எத்தனை டிபிஐ என்பதை விட, பல பக்கங்களை ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்து அளவைக் குறைக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேன் செய்த தமிழை எழுத்தாக மாற்ற நினைப்பவர்கள் கூட வரும் மென்பொருளின் மொழிப் பட்டியலைப் பார்க்க வேண்டும், அதில் தமிழ் இல்லாமல் இருக்கக் கூடும். கூகுள் டொக்ஸ் அதைச் செய்யும், டெசெராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழும் சிங்களமும் படிக்கும்.

ஏடிஎஃப் வழியாக எடுக்கும் கொப்பியில் மட்டும் நெடுகக் கறுப்புக் கோடு வந்தால் இயந்திரம் பழுது என்று தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலக் கண்ணாடிப் பட்டை இருக்கும். அதில் வெள்ளைத் திருத்த மையின் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் கோடு போய்விடும்.

கரண்டை மறப்பது

லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள். ரோனரை உருக்கும் ஃப்யூசர் 180 பாகை செல்சியசை அண்டிச் சூடேற வேண்டும், அந்தக் கணத்தில் அது நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும். வீட்டில் பாவிக்கும் 650 விஏ யூபிஎஸ் தருவது 400 வாட்டுக்கும் குறைவு. சத்தம் போட்டு நின்றுவிடும், கணினியும் சேர்ந்து அணையும். மை பிரிண்டர் அடிக்கும்போது இழுப்பது 15 வாட் அளவுதான், யூபிஎஸ்ஸில் தாராளமாகப் போடலாம். அடிக்கடி கரண்ட் போகும் ஊரிலோ சோலர் பற்றரியில் ஓடும் வீட்டிலோ இந்த ஒரு காரணத்துக்காகவே ராங்க் பிரிண்டர் எடுக்கலாம். இடி முழக்கம் தொடங்கினால் பிளக்கோடு யூஎஸ்பி வயரையும் கழற்றிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்ததை நம்புவது

கனடாவிலிருந்து வரும் மாமா ஆசையோடு கொண்டு வந்த பிரிண்டர் 120 வோல்ட்டுக்கு உரியதாக இருக்கலாம். இங்கே 230. பின்பக்கத்து ஸ்டிக்கரில் 100–240 என்று இருந்தால் பயமில்லை. வெறும் 120 என்று இருந்தால் செருகாதீர்கள், லேசரென்றால் ஃப்யூசரும் பவர் போர்டும் போய்விடும். அங்கத்தைய மொடல்கள் அங்கே பாவிக்கும் லெற்றர் அளவுத் தாளுக்குச் செற் பண்ணி வரும், ஏ4க்கு மாற்றாவிட்டால் எழுத்து இடம் மாறி விழும். மைதான் பெரிய தலைவலி. ஒரே எல்3250க்கு இங்கே 003, மத்திய கிழக்கில் 103. எச்பி காட்ரிஜ் பிரிண்டர்கள் சில, முதலில் போட்ட காட்ரிஜ்ஜின் பிராந்தியத்தைப் பிடித்துக்கொண்டு வேறு பிராந்தியக் காட்ரிஜ்ஜை ஏற்காது.

வைஃபையும் பாமினியும்

வைஃபை இல்லாத மொடல் கொஞ்சம் மலிவு. ஆட்கள் ஃபோனிலிருந்துதான் பிடிஎஃப் அனுப்புவார்கள் என்றால் அந்த மிச்சம் வேண்டாம். பெரும்பாலான வீட்டுப் பிரிண்டர்கள் 2.4 கிகாஹேட்ஸில் மட்டும்தான் சேரும். ரவுட்டரில் அந்த அலைவரிசை நிறுத்தப்பட்டிருந்தால் பிரிண்டர் அதைக் காணாது. வைஃபை டிரெக்ட் இருந்தால் ரவுட்டரும் டேற்றாவும் இல்லாமலே ஃபோனிலிருந்து அடிக்கலாம்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கடிதத்தை ஃபோனிலிருந்து அப்படியே அனுப்பினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தாளில் வரும். பிரிண்டரில் பிழையில்லை, ஃபோனில் அந்த எழுத்துரு இல்லை. தட்டிய கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிவிட்டு அனுப்ப வேண்டும். எஃப்எம் அபய என்ற சிங்கள எழுத்துருவில் வரும் சிங்களக் கடிதங்களுக்கும் இதேதான்.

உத்தரவாதமும் பஞ்சும்

"ஒரு வருச வாரண்டி" என்பதன் பின்னால் ஒரு பக்க எல்லையும் இருக்கக் கூடும், எது முந்துகிறதோ அத்தோடு முடிந்துவிடும். வாரண்டி அட்டையில் அதைத் தேடுங்கள். மூன்று விசயம் கேளுங்கள்: ஹெட் வாரண்டிக்குள் வருமா, வேறு நிறுவன மை ஊற்றினால் செல்லாதா, திருத்தக் கொண்டு போகும் செலவு யாருடையது. முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போய் வரும் செலவு பல வேளை திருத்தும் கூலியை விடக் கூட. ராங்கில் மை இருக்கும் பிரிண்டரைச் சரித்துக் கொண்டு போகவும் முடியாது. மடியில் நேராக வைத்து, மூடிகளை இறுக்கி, பொலித்தீனில் சுற்றித்தான் கொண்டு போக வேண்டும்.

இனி அந்தப் பஞ்சு. கழிவு மையை உறிஞ்சும் பஞ்சு நிறைந்ததாக உள்ளே இருக்கும் கணக்கி சொன்னால் இயந்திரம் அடிக்க மறுக்கும். கெனன் ஜி வரிசையில் 5பி00 என்ற பிழை எண்ணைக் காட்டும். மென்பொருளால் கணக்கியைப் பூச்சியமாக்கித் தருபவர்கள் எங்கும் உண்டு. பஞ்சை மாற்றாமல் கணக்கியை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மேசையில் மை வழியும். கெனன் ஜி3020 போன்றவற்றில் எம்சி-ஜி02 என்ற பெட்டியை நாமே கழற்றி மாற்றலாம். திருத்துபவர் 50 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிற இடத்தில் இது பெரிய வசதி, இதற்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

வைக்கும் இடம்

பின்பக்கத்தால் தாள் செருகும் பிரிண்டரின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். செம்மண் தூசு, எறும்பு, பல்லி எச்சம், சில வேளை பல்லியே அதற்குள் விழும். வேலை முடிந்ததும் தாளை எடுத்து, வாயை மூடி, மேலே துணி போடுங்கள். முன்பக்கத் தட்டு உள்ள மொடலில் இந்தக் கரைச்சல் குறைவு. மாரியில் உடைத்த ஏ4 கட்டை வெளியே விட்டால் ஈரம் குடித்து, இரண்டு மூன்று தாளாகச் சேர்ந்து இழுபடும், லேசரில் சுருண்டு வரும். மிச்சத்தைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வையுங்கள். 80 ஜிஎஸ்எம் தாள் எடுங்கள், 70 மலிவு என்றாலும் இரண்டு பக்கமும் அடித்தால் மறுபக்கம் தெரியும்.

பாவித்த பிரிண்டர் வாங்குகிறீர்கள் என்றால் காசு கொடுக்க முதல் மூன்று தாள் அடிக்கச் சொல்லுங்கள். ஸ்டேற்றஸ் தாளில் இதுவரை அடித்த மொத்தப் பக்கம் இருக்கும். நொசில் செக்கில் எங்கேனும் கோடு விட்டிருந்தால் ஹெட் அடைப்பு. மூன்றாவது, அடையாள அட்டையை இரண்டு பக்கமும் ஒரே தாளில் எடுத்த கொப்பி. இதற்குத் தனிப் பட்டன் உள்ள மொடலா, கண்ணாடியில் கீறலா என்பது இரண்டும் அதில் தெரிந்துவிடும்.