நாயோடு குளிக்க ஆள் குறைந்த நீர்த்துறை தேடுவது எப்படி

விடுமுறைக்கு நாயையும் கூட்டிக்கொண்டு எங்காவது தண்ணீரில் கிடக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது அருவியைத்தான். அதை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் பெயர் தெரிந்த அருவிகள் பலவும் வனத்துறை வசம் இருக்கின்றன. மணிமுத்தாறு அருவியும் பாபநாசம் அகத்தியர் அருவியும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள், ஆழியாறு பக்கம் இருக்கும் குரங்கு அருவி ஆனைமலைக்குள். நாயோடு போனால் சோதனைச்சாவடியிலேயே வண்டியைத் திருப்பச் சொல்வார்கள். அவர்கள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை, 2018இல் கிர் காட்டில் சிங்கங்களைக் கொன்ற டிஸ்டெம்பர் நம் வீட்டு நாய்களுக்கும் வருகிற அதே வைரஸ்தான். குற்றாலத்தில் சீசன் நேரத்துக் கூட்டத்துக்குள் நாயைக் கொண்டுபோவது அதற்கே தண்டனை. அதோடு மேலே மலையில் பெய்த மழை கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளத்தில் ஒரு பையன் போய்விட்டான்.

சரி, மலை வேண்டாம், சமவெளிக்கு இறங்குங்கள். ஆனால் இங்கேயும் "ஆளே இல்லாத இடம்" என்று தேடாதீர்கள். நம் ஊரில் ஒரு நீர்நிலையில் யாருமே இறங்குவதில்லை என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும்: சுழலாக இருக்கலாம், முதலையாக இருக்கலாம், சாயப்பட்டறைக் கழிவாக இருக்கலாம், யாரோ மீன் குத்தகைக்கு எடுத்த குளமாகவும் இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது ஆள் குறைந்த இடம். கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரத்தில் வயலில் நாலு பேர் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், தண்ணீரில் மட்டும் யாரும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நிற்கிற அதே துறை செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் காலியாகக் கிடக்கும்.

எந்தத் துறை என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான்: மாடு குளிப்பாட்டுகிற துறை. ஆற்றங்கரை ஊர்களில் மனிதர்கள் குளிக்கிற படித்துறை வேறு, மாட்டை இறக்குகிற இடம் வேறு. பெரும்பாலும் அது ஊரைத் தாண்டி, தண்ணீர் போகிற திசையில் கொஞ்சம் கீழே இருக்கும். மாடு இறங்குகிற இடம் என்றால் கரை சரிவாக இருக்கிறது என்று பொருள், நாயும் சின்னப் பிள்ளைகளும் தாங்களாகவே ஏறி வந்துவிடலாம். தினமும் மாடும் ஆளும் இறங்கி ஏறுவதால் அடியில் எவ்வளவு ஆழம், எங்கே பள்ளம் என்பது ஊருக்கே தெரியும். எருமை புரளுகிற தண்ணீரில் உங்கள் நாய் இறங்கியதற்கு யாரும் முகம் சுளிக்கவும் மாட்டார்கள். படித்துறையில் கதை வேறு. அங்கே ஒருவர் திதி கொடுத்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருப்பார். அவர்கள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாவிட்டாலும் அங்கே நாயை இறக்குவது முறையில்லை, படிகளில் பாசி வழுக்கும் என்பது தனி.

வீட்டிலிருந்தே பாதி வேலையை முடிக்கலாம். கூகுள் மேப்பில் சாட்டிலைட் காட்சியைப் போட்டு ஆற்றின் கூடவே விரலை நகர்த்திக்கொண்டு போங்கள். ஆறு வளைகிற இடத்தில் உள்பக்கம் மணல் திட்டாக, ஆழம் குறைவாக, ஓட்டம் மெதுவாக இருக்கும். வெளிப்பக்கம் கரையை அரித்து ஆழமாக்கி வைத்திருக்கும், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஒரு வண்டித்தடம் வயலைத் தாண்டித் தண்ணீர் வரைக்கும் இறங்கினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு நடுவே ஓரங்கள் நேர்கோடாகச் சீவியதுபோலத் தண்ணீர் தேங்கி நின்றால் அது மணல் அள்ளிய குழியாக இருக்கலாம், முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே ஆளை இழுத்துவிடும் ரகம். கணினியில் கூகுள் எர்த் இருந்தால் பழைய வருடங்களின் படங்களையும் பார்க்கலாம், மே மாதத்திலும் ஜனவரியிலும் அதே இடம் எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே நிறைய புரியும். தடுப்பணைக்கு அடியில் நுரை பொங்குகிற இடம் படத்தில் அழகாகத்தான் தெரியும். அங்கே விழுகிற தண்ணீர் ஆளையும் நாயையும் திரும்பத் திரும்ப உள்ளே உருட்டும், வெளியே விடாது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் தாமிரபரணி என்பேன். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வரைக்கும் ஆற்றின் இரண்டு பக்கமும் வயல், ஊருக்கு ஊர் துறை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைக்கும் தண்ணீர் தெளிந்து, ஓட்டமும் அடங்கியிருக்கும். பாபநாசத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். பரிகாரம் என்று ஆற்றில் விட்ட துணிகள் அடியில் கிடக்கும், நாயின் காலில் சுற்றினால் அதனால் உதற முடியாது. காவிரியில் மேட்டூர் அணையைத் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12, அதற்குப் பிறகு டெல்டா வாய்க்கால்களில் தண்ணீர் நிறைந்து வேகமாக ஓடும், சிமென்ட் கரை போட்ட வாய்க்காலில் இறங்கின நாய் ஏற இடமில்லாமல் தவிக்கும். மேட்டூர் 120 அடி நிரம்பினால் வருகிற உபரி முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பும், அந்த நாட்களில் கொள்ளிடம் பக்கமே போகாதீர்கள். கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கமும், அமராவதி அணையிலும், மாயாறு வந்து சேர்கிற பவானிசாகர் பக்கமும் முதலை உண்டு. மனிதர்களை அது பெரும்பாலும் விலகிப் போகும் என்று வைத்துக்கொண்டாலும் நாய் அதற்கு வாகான இரை.

ஊருக்குப் போனதும் நேராகத் தண்ணீருக்குப் போகாமல் டீக்கடையில் நில்லுங்கள். "இங்கே குளிக்கலாமா?" என்று கேட்காதீர்கள், "தாராளமா குளிங்க" என்றுதான் பதில் வரும், விருந்தாளிக்கு வேறென்ன சொல்வார்கள்? "அண்ணாச்சி, மாடு எங்க குளிப்பாட்டுவீங்க?" என்று கேளுங்கள். "ஊர்ப் பிள்ளைங்க எங்க குளிக்கும், எங்க போகக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். ஆள் மூழ்கிச் செத்த இடம் எது என்பதையும் தயங்காமல் கேட்டுவிடுங்கள், ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஓர் இடம் இருக்கும், பெரியவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். அணைத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். அப்புறம் நாயை வண்டியிலேயே ஒருவரோடு விட்டுவிட்டு, ஏசி ஓடட்டும், இன்னொருவர் மட்டும் துறை வரைக்கும் நடந்து பாருங்கள். தெருநாய்க் கூட்டம் இருக்கிறதா, பீர் பாட்டில் உடைத்துப் போட்டிருக்கிறார்களா, தூண்டில் முள் கிடக்கிறதா என்று பார்க்கத்தான். தண்ணீர்மேல் பச்சை பெயின்ட் ஊற்றினதுபோல ஆடை படர்ந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், அந்தப் பாசியில் நாயைக் கொல்கிற விஷம் இருக்கலாம்.

கடல்தான் வேண்டும் என்றால் சென்னையிலிருந்து தெற்கே போகிற கிழக்குக் கடற்கரையை நான் சொல்ல மாட்டேன், அங்கே இழுப்பு அதிகம். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, அலையும் சின்னது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருக்கும் அரியமான், குடும்பத்தோடு போகிறவர்களுக்குத் தெரிந்த இடம், அங்கிருந்து ஆளில்லாத பக்கமாகக் கரையோடு நடந்தாலே போதும். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் அந்தப் பக்கமும் கொந்தளிக்கும், ஏப்ரலுக்குப் பிறகு போனால் நல்லது. தனுஷ்கோடியில் இறங்க வேண்டாம், பார்த்துவிட்டு வாருங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பல கடற்கரைகளில் ஆமை முட்டையிடும், நாய்க்கு அதைத் தோண்ட ரொம்பப் பிடிக்கும், அதனால் இரவிலும் விடியற்காலையிலும் சங்கிலியைக் கழற்றாதீர்கள். கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும், குடிக்க நல்ல தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

கொங்குப் பக்கம் தோட்டத்து வீடுகளில் தங்குகிறீர்களா? கிணற்றைப் பார்த்ததும் பிள்ளைகள் குதிக்கத் துடிக்கும். படி நன்றாக இருந்தால் நீச்சல் தெரிந்த பெரியவர்களோடு அவர்கள் இறங்கட்டும், மோட்டார் மெயினை அணைத்துவிட்டு. நாயை மட்டும் கிணற்றில் இறக்க வேண்டாம், சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கல் படிகளில் அதனால் ஏற முடியாது. அதற்குப் பம்புசெட் தொட்டி போதும், என் அபிப்பிராயத்தில் இந்தப் பட்டியலிலேயே நாய்க்குப் பாதுகாப்பான தண்ணீர் அதுதான். தோட்டக்காரரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவர் வீட்டு நாயை அந்த நேரம் கட்டிப்போடுவார்.

நாயைப் பற்றியும் கொஞ்சம். எல்லா நாயும் நீந்தும் என்பது பொய். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்கள் சீக்கிரம் மூச்சு வாங்கும், அவற்றுக்கு முழங்கால் தண்ணீரே அதிகம். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி மெலிந்த உடம்புக்காரர்கள் நீந்துவார்கள், ஆனால் கொழுப்பு இல்லாததால் சீக்கிரம் குளிரில் நடுங்குவார்கள். தூக்கிப் போடாதீர்கள், நீங்கள் முதலில் இறங்கி நின்று கூப்பிடுங்கள். முதுகில் கைப்பிடி வைத்த நாய் லைஃப் ஜாக்கெட் ஆன்லைனில் கிடைக்கிறது, ஓடுகிற தண்ணீருக்கு அது இல்லாமல் போகாதீர்கள். பந்தை எறிந்து எறிந்து எடுக்கவிட்டால் ஒவ்வொரு முறையும் தண்ணீரை விழுங்கும், அளவு மீறினால் தள்ளாடும், வாந்தி எடுக்கும், அது ஆபத்தான கட்டம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரைக்கு வரவழையுங்கள். வயிறு நிறையச் சாப்பாடு போட்ட கையோடு இறக்காதீர்கள்.

பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது: ஆழத்தில் குழந்தையும் நாயும் ஒன்றாக இருக்கக்கூடாது. பயந்த நாய் பக்கத்தில் மிதக்கிற ஆளின்மேல் ஏறப் பார்க்கும், நகத்தால் கீறும், குழந்தையை அமுக்கிவிடும். ஒரு பெரியவர் குழந்தைக்கு, ஒரு பெரியவர் நாய்க்கு, இருவரில் யாரும் போனைப் பார்க்கக்கூடாது. இரண்டு பெரியவர்கள் இல்லையென்றால் முறைவைத்து இறக்குங்கள்.

கிளம்பும் முன் ரேபிஸ் ஊசியோடு லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் நாய்க்குப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எலி சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து இந்தக் காய்ச்சல் மனிதருக்கும் வரும், காலில் திறந்த புண் இருந்தால் நீங்களும் இறங்காதீர்கள். மனிதருக்கு 108, கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. ஆனால் ஆற்றங்கரையில் சிக்னல் இருக்கிறதா என்பதை இறங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காதை உள்ளே வரை துடைத்து, விரலிடுக்கிலும் காது மடல் அடியிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தொங்குகாது நாய் என்றால் மறுநாளும் காதை மோந்து பாருங்கள், நாற்றம் வந்தால் டாக்டரிடம் போக வேண்டியதுதான்.