பாடநூல் வாங்கும் முன் இதைத் தேடுங்கள்

கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரியில் படிப்பவர்கள், பாடநூலுக்குக் காசு கொடுக்கும் முன் கல்லூரி நூலகத் தளத்தின் ‘கோர்ஸ் ரிசர்வ்ஸ்’ (வகுப்புகளுக்காக நூலகம் ஒதுக்கி வைக்கும் நூல்கள்) பகுதியில் பாட எண்ணையோ பேராசிரியர் பெயரையோ போட்டுத் தேடுங்கள். நூலின் தலைப்பை மட்டும் போட்டால் பழைய பதிப்புகளும் கலந்து வந்து குழப்பும்.

பருவத் தொடக்கத்தில் பேராசிரியர்கள் பலர் தங்கள் பாடநூலின் பிரதி ஒன்றை நூலகத்தில் வைக்க ஏற்பாடு செய்வார்கள். பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குத்தான், அதுவும் நூலகத்துக்குள்ளேயே படிக்கத்தான் கொடுப்பார்கள். அதனால்தான் ஒரே பிரதி வகுப்பு முழுவதற்கும் சுழல்கிறது. தேர்வுக்கு முந்தைய நாள் போனால் கிடைப்பது கஷ்டம். வாரத் தொடக்கத்தில், காலையிலேயே போய், அந்த வாரத்துக்கு வேண்டிய சில பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. இலவச மின்நூல்களை மட்டுமே பயன்படுத்தும் வகுப்புகளை அட்டவணையில் தனியே அடையாளமிட்டுக் காட்ட வேண்டும் என்று 2018 முதல் அங்கே சட்டமே இருக்கிறது. பதிவு செய்யும்போதே அந்த அடையாளத்தைப் பாருங்கள்.

வீட்டுப்பாடத்தை இணையத்தில் செய்ய ‘ஆக்சஸ் கோடு’ கேட்கும் வகுப்புகளுக்கு நூலகப் பிரதி போதாது. அந்தக் குறியீடு ஒருவருக்கு மட்டுமே செல்லும். அதை வாங்கித்தான் ஆகவேண்டும்.