உடல் நாற்றத்துக்குக் காரணமான உணவைக் கண்டறிவது எப்படி?

சேலத்துச் சித்திரை வெயிலில் வியர்க்காமல் இருக்க எவராலும் இயலாது. உடலைக் குளிர்விப்பதே வியர்வை என்பதால் அதை அடக்க முயல்வதும் தவறு. புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு ஏறக்குறைய மணமே கிடையாது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள ஒருவகைச் சுரப்பிகளின் கசிவைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் ‘கற்றாழை நாற்றம்’ என்று சொல்லப்படும் வீச்சம் எழுகிறது. உணவின் பங்கு இதற்கு அடுத்தபடியானதே. ஆகவே, தினமும் குளித்துத் துவைத்த உடை உடுத்திய பிறகும் நாற்றம் நீங்காதவர்களுக்கே, சந்தேகத்துக்குரிய உணவை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் இந்தச் சோதனை பயன்படும்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது பூண்டு. அதன் கந்தகச் சேர்மங்களுள் ஒன்றான அல்லைல் மெத்தில் சல்பைடு, குடலிலும் கல்லீரலிலும் எளிதில் சிதையாமல் இரத்தத்தில் கலந்து, மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் வெளியேறுகிறது. மாலையில் பூண்டுச் சட்னியும் பச்சை வெங்காயமும் சேர்ந்த தட்டுவடை செட்டை இரண்டு பிளேட் சாப்பிட்டவர் இரவு பல் துலக்கியும் மறுநாள் காலையில் மூச்சு மணப்பது இதனால்தான். பால், ஆப்பிள், பச்சைப் புதினா ஆகியவற்றை உடன் உண்டால் மூச்சின் வீச்சம் ஓரளவு குறையும். ஆனால் அக்குளைப் பொறுத்தவரை பூண்டைக் குற்றவாளி என்று முடிவுகட்டிவிட முடியாது: செக் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அதிகப் பூண்டு உண்ட ஆண்களின் அக்குள் மணத்தையே பெண்கள் இனிமையானதாக மதிப்பிட்டனர். வெந்தயத்தின் நிலை வேறு. அதிலுள்ள சோடலோன் என்னும் பொருள் வியர்வையிலும் சிறுநீரிலும் அப்படியே மணக்கும். உடல் சூட்டுக்கென வெந்தயக்களி உண்பவர்கள் இதை அறிந்திருப்பார்கள். அது நோயன்று. மிளகாய்க் காரம் முகத்திலும் தலையிலும் வியர்வையைப் பெருக்குமே தவிர, தானாக நாற்றம் தராது. மதுவின் ஒரு சிறு பகுதி மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும்.

சோதனையின் விதி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் நிறுத்த வேண்டும். வெங்காயம், பூண்டு, இறைச்சி எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டால், எதனால் பலன் கிடைத்தது என்று தெரியாது. பூண்டுக்கும் வெந்தயத்துக்கும் நான்கைந்து நாள் போதும். இறைச்சிக்கு இரண்டு வாரம் தேவை. 17 ஆண்களைக் கொண்டு நடத்தி 2006-இல் வெளியான ஓர் ஆய்விலும், இரண்டு வாரம் இறைச்சி தவிர்த்தபோதே அவர்களின் அக்குள் மணம் இனிமையானதாக மதிப்பிடப்பட்டது. அந்த நாள்களில் சோப்பை மாற்றாதீர்கள். வாசனைத் தைலம் பூசாதீர்கள். நாள்தோறும் துவைத்த பருத்திப் பனியனை அணிந்து, இரவு அதன் அக்குள் பகுதியை வீட்டார் ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தன் நாற்றம் தன் மூக்குக்குப் பழகிவிடும் என்பதால் இந்தத் தர்மசங்கடத்தைத் தவிர்க்க வழியில்லை. அவர் பூஜ்யம் முதல் ஐந்து வரை இடும் மதிப்பெண்ணைக் குறித்து வையுங்கள். பிறகு நிறுத்திய பொருளை மீண்டும் உண்டு பாருங்கள். நாற்றம் திரும்பினால் மட்டுமே அதைக் காரணமாகக் கொள்ளலாம்.

சோதனை முடியும் வரை ஊர் மாறாமல் இருப்பது நல்லது. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்குச் சென்று நான்கு நாள் சைவம் உண்டுவிட்டு, நாற்றம் போனது உணவால்தான் என்று நம்புபவர், அங்கே குளிரில் வியர்வையே குறைந்திருந்ததை மறந்துவிடுகிறார்.

மீன் அழுகியது போன்ற நாற்றம் மட்டும் இந்தச் சோதனைக்கு உட்பட்டதன்று. மீன், முட்டை, ஈரல் போன்றவற்றிலிருந்து குடலில் உருவாகும் டிரைமெத்திலமீனைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும். நீரிழிவு உள்ளவரின் மூச்சில் திடீரெனப் பழ வாசனை வந்தால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.