வேலை பார்த்துக்கொண்டே கல்லூரி போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலையில் இருந்துகொண்டே படிக்கச் சேருகிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வருகைப்பதிவில்தான். ‘தினமும் போகிறேனே, கொஞ்சம் லேட்டாகத்தானே போகிறேன்’ என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் பல கல்லூரிகளில் கணக்கு நாளுக்கு இல்லை, ஹவருக்கு, அதாவது ஒவ்வொரு பாட வேளைக்கும். அதுவும் பாடவாரியாக.

ஒரு பாடத்துக்கு வாரம் 4 ஹவர், 15 வாரம் என்றால் மொத்தம் 60. அதில் 75 சதவீதம் 45. ஆக, நீங்கள் விடலாம் என்று இருப்பது 15 ஹவர்தான். அந்தப் பாடம் எப்போதும் ஃபர்ஸ்ட் ஹவரில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஷிஃப்டை யாரிடமாவது பேசி மாற்றிக்கொண்டீர்கள். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வரும் நைட் ஷிஃப்டில், வீட்டுக்கு வந்து ஒரு கண் அயர்ந்து எழுவதற்குள் ஃபர்ஸ்ட் ஹவர் போய்விடுகிறது. ஐந்து வாரம், 20 ஹவர். மீதி 40. அந்த ஒரு பாடத்தில் மட்டும் 67 சதவீதம்கூட இல்லை. மற்ற எல்லாப் பாடத்திலும் 90 இருந்தாலும் இந்த ஒன்று தேர்வு நேரத்தில் வந்து நிற்கும். அதனால் டைம்டேபிள் கையில் வந்த அன்றே உட்கார்ந்து, எந்தப் பாடம் உங்கள் ஷிஃப்டில் அடிபடுகிறது என்று பாடம் பாடமாகக் கணக்குப் போடுங்கள். அரை மணி நேர வேலைதான்.

எல்லாப் படிப்புக்கும் ஒரே விதி என்று நினைப்பது இன்னொரு தவறு. பல பல்கலைக்கழகங்களில் 75 சதவீதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவில் நின்றால் தக்க காரணம் காட்டி, கட்டணம் கட்டி, கண்டனேஷன், அதாவது வருகைக் குறைவுக்கு விலக்கு, வாங்கலாம். சட்டப் படிப்புக்கு பார் கவுன்சிலின் 2008 விதிகள்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம். பி.எட். இன்னும் கடினம். ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சிலான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகள் வகுப்புக்கும் செய்முறைக்கும் 80 சதவீதம் கேட்கின்றன; பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தும் பயிற்சிக் காலத்துக்கு 90. அந்த வாரங்களில் வேலையிலிருந்து நீண்ட விடுப்பு கிடைக்குமா என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே முடிவு செய்யாமல் பி.எட். சேரக் கூடாது என்பது என் கருத்து. பாதியில் நின்றால் போவது பணம் மட்டுமில்லை, ஒரு வருடமும் சேர்த்துத்தான்.

அடுத்தது நேரக் கணக்கு. கடலூர் சிப்காட்டில் ரசாயன ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: ஷிஃப்ட் 2 மணிக்கு முடிகிறது என்றால் நீங்கள் 2 மணிக்கு வெளியே வருவதில்லை. அடுத்த ஷிஃப்டில் உங்கள் இடத்துக்கு வருகிற ரிலீவர் வர வேண்டும். எந்த வால்வு மூடியிருக்கிறது, எந்தப் பம்ப் ரிப்பேரில் இருக்கிறது என்று லாக் புக்கில் எழுதி அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அப்புறம் குளியல், கேட்டில் பஞ்ச். ரிலீவர் வராவிட்டால் பிளான்ட்டை விட்டு நகரவே முடியாது. இதெல்லாம் தெரிந்தும் ‘இரண்டுக்கு முடிகிறது, இரண்டரைக்கு வகுப்பு’ என்று போடுகிற கணக்கு ஒரு வாரம்கூட நிற்காது.

ரோடு வேறு இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி 22 கிலோமீட்டர்தான். ஆனால் அரியாங்குப்பத்திலும் முதலியார்பேட்டையிலும் காலை நேரத்தில் பஸ் நகர்வதே இல்லை. ஏ.எஃப்.டி. மில் பக்கம் ரயில்வே கேட் போட்டுவிட்டால் இன்னும் மோசம். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டுக்குப் போகிறவர்கள் நகரைத் தாண்டி ஈ.சி.ஆரில் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் ஆகிற நேரத்தை வைத்துத் திட்டமிடாதீர்கள். வழக்கமாக ஆகிற நேரத்தோடு ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் ஆகிற நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல், மழை விடுமுறை. கடலூர் மாவட்டத்துக்குக் கலெக்டர் அறிவிப்பார்; புதுச்சேரிக்கு அந்த அரசு தனியாக அறிவிக்கும். கடலூரில் விடுமுறை என்று டிவியில் பார்த்துவிட்டு வீட்டில் இருந்தால், காலாப்பட்டில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும். நவம்பர் 1, ஆகஸ்ட் 16 ஆகியவை புதுச்சேரியில் விடுமுறை, கடலூரில் இல்லை. எந்தப் பக்கம் படிக்கிறீர்களோ அந்தப் பக்கத்து அறிவிப்பைப் பாருங்கள்.

இனி பேராசிரியர்கள் விஷயம். பலருடைய மனக்குறை, ‘வேலைக்குப் போகிறவன் கஷ்டம் அவங்களுக்குப் புரியலை’ என்பது. புரியாமல் போவதற்கு முக்கியக் காரணம், நாம் சொல்கிற நேரம். செமஸ்டர் முழுக்கத் தாமதமாக வந்துவிட்டு, வருகைப்பதிவுப் பட்டியல் ஒட்டிய பிறகு போய் நின்று ஷிஃப்ட் கதையைச் சொன்னால், அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் சாக்காகத்தான் கேட்கும். அதற்குள் பட்டியல் அலுவலகத்துக்குப் போயிருக்கும். அவர் நினைத்தாலும் மாற்ற முடியாது. அதே விஷயத்தை முதல் வாரத்தில் சொன்னால் அவருக்குச் செய்யச் சில வழிகள் இருக்கின்றன. லேபில் மதிய பேட்ச்சில் போடலாம். அசைன்மென்ட் தேதியை முன்கூட்டியே தரலாம்.

எப்படிச் சொல்வது? வகுப்பு முடிந்து அவர் வராண்டாவில் நடந்துகொண்டிருக்கும்போது பின்னாலேயே போய்ச் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுங்கள், ஷிஃப்ட் ரோஸ்டர் நகலோடு. இப்படி நாலு வரி போதும்: ‘வணக்கம் மேடம். நான் எம்.காம். முதலாண்டு மாணவன். தனியார் ஆலையில் சுழற்சி ஷிஃப்டில் வேலை செய்கிறேன். இந்த மாதம் 10 முதல் 15 வரை நைட் ஷிஃப்ட். அந்த நாட்களில் ஃபர்ஸ்ட் ஹவருக்கு 20 நிமிடம் வரை தாமதமாகலாம். பின்கதவு வழியாக வந்து உட்காரலாமா என்று சொல்லுங்கள். 14-ஆம் தேதி தர வேண்டிய அசைன்மென்ட்டை 9-ஆம் தேதியே தந்துவிடுகிறேன்.’ தேதி இருக்கிறது, எவ்வளவு நேரம் என்பது இருக்கிறது, பதிலுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதும் இருக்கிறது. ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க’ என்பதில் இதில் எதுவும் இல்லை. தாமதமாக வந்தால் ஹவர் கிடைக்குமா, ஆப்சென்ட் விழுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி.

வயதையும் கொண்டுபோய் வகுப்பில் வைக்காதீர்கள். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் நிறையப் பேர். உங்களைவிடப் பத்து வயது இளையவராக இருக்கலாம். ‘தம்பி, பாத்து போடுங்க’ என்று உரிமையாகப் பேசுவது அவரைச் சங்கடத்தில் தள்ளும். வருகைப்பதிவில் சலுகை தரும் அதிகாரம் அவரிடம் இருக்காது. சார், மேடம் என்றே பேசுங்கள். சலுகை வேண்டுமென்றால் அவருக்குத் தெரியப்படுத்திவிட்டு துறைத் தலைவரிடம் (எச்.ஓ.டி.) போங்கள்.

ப்ராக்ஸி, அதாவது உங்களுக்குப் பதில் இன்னொருவர் வருகை சொல்வது, மட்டும் வேண்டவே வேண்டாம். ‘அண்ணா, நான் சொல்லிடறேன்’ என்று பதினெட்டு வயதுப் பையன் ஆசையாக முன்வருவான். பிடிபட்டால் உங்களுக்குக் கையில் சம்பளம் இருக்கிறது. அவனுக்கு இந்தப் படிப்பை விட்டால் ஒன்றுமில்லை. வயதில் பெரியவராக இருந்துகொண்டு அவனை இதில் மாட்டிவிடுவது நியாயமில்லை. பொய் மருத்துவச் சான்றிதழும் இதே ரகம்தான்.

லேபில் தாமதத்தைத் தியரி வகுப்பு மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் பத்து நிமிடத்தில்தான் எந்த அமிலம் எங்கே, எதைத் தொடக் கூடாது என்றெல்லாம் சொல்வார்கள்.

கடைசியாக வேலை இடம். படிப்பதைச் சூப்பர்வைசரிடம் மறைத்து வைப்பவர்கள் பலர். அரசு ஊழியர் என்றால் துறை அனுமதி இல்லாமல் சேருவதே பின்னால் சிக்கலாகும். தனியாரில், மறைத்தால் இன்டர்னல் தேர்வு அன்று கடைசி நிமிடத்தில் ஓவர்டைம் சொல்வார்கள். மறுக்கக் காரணம் சொல்ல முடியாது. கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ ஜவுளிக் கடையில் இருப்பவர்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் லீவே கிடையாது. இன்டர்னல் தேர்வும் அசைன்மென்ட்டும் சரியாக அப்போதுதான் வந்து விழும். செப்டம்பரிலேயே இரண்டு பக்கமும் பேசிவிட வேண்டும்.

இருக்கிற கேஷுவல் லீவை ஆடி மாதமே தீர்த்துவிடாதீர்கள். செமஸ்டர் தேர்வு நவம்பர், டிசம்பரில் வரும். அது புயல் மாதம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது போல ஏதாவது வந்தால் தேர்வு தள்ளிப்போகும், புதுத் தேதி உங்கள் ரோஸ்டரைப் பார்த்து வராது. தேர்வுக்கு என்று எடுத்த லீவுக்கு மேல் இரண்டு நாளாவது மீதி வைத்திருங்கள். டைம்டேபிள் வெளியான அன்றே அதன் நகலைச் சூப்பர்வைசரிடம் கொடுத்து, தேதி மாறினால் மறுபடி வந்து கேட்பேன் என்று சொல்லி வையுங்கள்.