நெஞ்சைத் திறந்து ஆபரேஷனா? நரம்பு பிளாக் பற்றி முன்கூட்டியே கேட்டுவையுங்கள்

பைபாஸுக்கோ வால்வு மாற்றவோ நாள் குறித்தாயிற்றா? அப்படியானால் வலிக்கு நரம்பு பிளாக் (வலியைக் கடத்தும் நரம்புக்குப் பக்கத்தில் ஊசியால் மரப்பு மருந்து செலுத்துவது) போடுவார்களா, எந்த இடத்தில் என்று கேட்டுவிடுங்கள். சர்ஜனைவிட மயக்க மருந்து டாக்டரிடம் கேட்பது நல்லது, பெரும்பாலும் ஊசி போடுகிறவர் அவர்தான். உங்கள் எடை, ஈரல் கோளாறு, ஒவ்வாமை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் மரப்பு மருந்துக்கு எடையை வைத்து ஒரு உச்ச அளவு உண்டு (ரோபிவகெய்ன் என்றால் பொதுவாக கிலோவுக்கு 3 மில்லிகிராம்).

நடுநெஞ்செலும்பை நீளவாக்கில் அறுத்துத் திறந்து, கடைசியில் ஸ்டீல் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். அந்த வலியைக் கடத்துவது விலா எலும்புகளுக்கு நடுவே ஓடிவரும் நரம்புகளின் முன்பக்கக் கிளைகள். எலும்பின் இரண்டு ஓரங்களிலும் அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசி நுனியைப் பார்த்துக்கொண்டே மருந்தைச் செலுத்துவார்கள். ஒட்டிக்கிடந்த தசை அடுக்குக்கு அடியில் கறுப்பாக ஒரு கோடு விரிந்துகொண்டே போகும், அதுதான் மருந்து சரியான இடத்தில் இறங்குவதன் அடையாளம். பெரும்பாலும் நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போதே வேலை முடிந்துவிடும். முதுகுத் தசைக்கு அடியில் போடும் முறையும் உண்டு. எபிடூரல் (முதுகில் தண்டுவடத்தை ஒட்டிய இடத்தில் மருந்து விடும் முறை) ஏன் அதிகம் போடுவதில்லை என்றால், இந்த ஆபரேஷனில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் என்ற மருந்தை நிறையக் கொடுப்பதால் தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கட்டிவிடுமோ என்ற பயம்தான்.

சரி, எல்லா வலியும் போய்விடுமா? போகாது, இதைத் தெரிந்துவைத்திருந்தால் பயம் பாதி குறையும். நெஞ்செலும்புக்குக் கீழே வயிற்றுப் பக்கம் செருகியிருக்கும் வடிகுழாயும், பைபாஸுக்காகக் காலில் ரத்தநாளம் எடுத்த இடமும் வலிக்கும், அதற்கு வேறு ஊசியோ மாத்திரையோ வேண்டும்.

ஒரே தடவை போடும் ஊசி சில மணி நேரம் முதல் ஏறக்குறைய ஒரு நாள் வரை தாங்கும், மெல்லிய குழாய் வைத்து மருந்து விட்டால் இரண்டு மூன்று நாள்கூட ஓடும். மரப்பு விட்டபிறகு மாத்திரை கேட்டால் அது வேலை செய்வதற்குள் வலி ஏறிவிடும். அதனால் எழுதிக்கொடுத்த பாராசிட்டமாலை வலி இல்லாதபோதும் நேரம் தவறாமல் விழுங்குங்கள். வீட்டிலிருந்து ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கொண்டுவந்து போட வேண்டாம், பைபாஸ் முடிந்த கையோடு அவை ஆபத்து.

மரப்பு இருக்கும் நேரத்தை வீணாக்கவே கூடாது. தலையணையை நெஞ்சோடு இறுக அணைத்துக்கொண்டு ஆழமாக மூச்சிழுத்து இருமுங்கள், சளி தேங்கினால் நுரையீரலில் தொற்று வரும். மார்ஃபின் வகை மருந்தின் தேவை குறைந்தால் தூக்கக்கலக்கமும் குமட்டலும் குறையும், இருமவும் எழுந்து நடக்கவும் தெம்பு இருக்கும்.

வாயில் உலோகச் சுவை, உதட்டைச் சுற்றி மரப்பு, காதில் இரைச்சல் வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், மருந்து ரத்தத்தில் அதிகமாகக் கலந்திருக்கலாம், அதை முறிக்கச் சிகிச்சை இருக்கிறது. அப்புறம் ஒன்று, இருமும்போது எலும்பு "கிளிக்" என்று அசைவதுபோல் தெரிந்தால், வலி இல்லையே என்று சும்மா இருக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.