சிரிக்க வைக்கும் கிறுக்குக் கதைகள்: நல்ல ஆடியோபுக்கைத் தேடிப் பிடிப்பது எப்படி?

விண்கலம், டிராகன், காலப்பயணம் எல்லாம் வேண்டும், ஆனால் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றுகிற கதை வேண்டாம், கேட்டுக்கொண்டே நடக்கும்போது தனியாகச் சிரித்து மாட்டிக்கொள்கிற மாதிரி வேண்டும் என்பவர்களுக்கு இது. நானும் ஆரம்பத்தில் 'ஹியூமர்' என்று தட்டி, முதலில் வந்ததை வாங்கி, இரண்டாவது அத்தியாயத்திலேயே தூங்கியிருக்கிறேன்.

படி 1: தேடுசொல். 'சயின்ஸ் ஃபிக்ஷன்' என்று மட்டும் போட்டால் கனமான கதைகள்தான் வந்து குவியும். 'காமிக் ஃபேன்டஸி' (வேடிக்கையான மாயக்கதை), 'சட்டயர்' (கிண்டல்), 'அப்சர்ட்' (அபத்தம்) என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள்.

படி 2: யார் படிக்கிறார்? கதாசிரியர் பெயரைவிட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஜோக் என்பது பாதிக்குப் பாதி இடைவெளிதான், அந்த அரை விநாடி நிறுத்தம் தெரியாதவர் கையில் எவ்வளவு நல்ல வரியும் செய்தி வாசிப்பு மாதிரி ஆகிவிடும். டெர்ரி பிராட்செட் என்ற ஆங்கில எழுத்தாளரின் டிஸ்க்வேர்ல்ட் என்ற வேடிக்கை மாயக்கதை வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 41 நாவல்கள், குறும்பில் ஒரு பகுதி அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும். அடிக்குறிப்பைக் காதில் எப்படிக் காட்டுவது? 2022 முதல் வெளியான புதிய ஒலிப்பதிவுகளில் அதை மட்டும் நடிகர் பில் நை படிக்கிறார், கதையைச் சொல்பவர் வேறொருவர். குரல் மாறியதுமே இது ஓரத்துக் கிண்டல் என்று நமக்குப் புரிந்துவிடும். இதே வரிசையை நடிகர் டோனி ராபின்சனும் படித்திருக்கிறார், ஆனால் அவை சுருக்கப் பதிப்புகள். அதனால் 'அன்அப்ரிட்ஜ்ட்' (சுருக்காத முழுப் பதிப்பு) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், நகைச்சுவைக் கதையில் கத்தரி முதலில் விழுவது கிளைக்கதைகள் மேல்தான், ருசியும் அங்கேதான்.

படி 3: மாதிரித் துண்டைக் கேளுங்கள். உரையாடல் வரும்வரை பொறுங்கள். இரண்டு பேர் பேசும்போது யார் பேசுகிறார் என்று குழம்பினால் விட்டுவிடலாம்.

படி 4: ஒரு நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள். 'ஒரே அபத்தம், கதை எங்கேயோ போகிறது' என்று யாராவது புலம்பியிருந்தால் நமக்கு நல்ல சகுனம்! 'குரல் ஒரே தட்டையாக இருக்கிறது' என்று நாலு பேர் சொன்னால் மட்டும் ஓடிவிடுங்கள்.

படி 5: காசு கொடுக்கும் முன் இலவசமாகக் கேளுங்கள். நூலக அட்டை இருந்து, உங்கள் நூலகமும் சேர்ந்திருந்தால், லிபி என்ற நூலகச் செயலியில் இரவல் எடுக்கலாம். லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளத்தில் காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் படித்துத் தருகிறார்கள். மார்க் ட்வெயின் 1889-இல் எழுதிய, ஒரு அமெரிக்கர் ஆர்தர் மன்னர் காலத்துக்குப் போய் விழுகிற கதை அங்கே கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: சில நூல்களில் அத்தியாயத்துக்கு ஒருவர் படிப்பார், குரல் மாறிக்கொண்டே இருந்தால் சிரிப்பு ஒட்டாது. தேடும்போது 'சோலோ' (முழுவதும் ஒருவரே படித்தது) என்று வடிகட்டுங்கள். சிறுகதை போதும் என்றால் 2005 முதல் வரும் எஸ்கேப் பாட் என்ற அறிவியல் புனைகதைப் பாட்காஸ்ட் இருக்கிறது.

அப்புறம் வானொலி நாடகங்களையும் மறக்காதீர்கள். டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு என்ற விண்வெளி நகைச்சுவைக் கதை 1978-இல் பிபிசி ரேடியோ 4-இல் தொடராக வந்த பிறகுதான், அடுத்த ஆண்டு நாவல் ஆனது. காதுக்கென்றே எழுதிய வேடிக்கை எப்படியிருக்கும் என்று அதில் தெரியும்.

படி 6: வேகத்தை 1-லேயே வையுங்கள். அவசரக்காரர்கள் 1.5-இல் ஓட்டுவார்கள், தகவல் நூலுக்குச் சரி, இங்கே வேண்டாம். சில செயலிகளில் மௌனத்தைத் தானாக வெட்டுகிற வசதி இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள், வாசிப்பவர் பார்த்துப் பார்த்து விட்ட இடைவெளியைத்தான் அது விழுங்குகிறது.

படி 7: ஒருவர் குரல் பிடித்துவிட்டதா? அவர் பெயரைத் தட்டி, வேறென்ன படித்திருக்கிறார் என்று பாருங்கள். கேள்வியே பட்டிராத எழுத்தாளர்கள் எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் இப்படித்தான்.