கண் நீர் அழுத்த ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்டில் கவனிக்க வேண்டியவை

எங்கள் ஆத்தாவுக்கு வலது கண்ணில் டிராபெகுலெக்டமி ஆகியிருக்கிறது. காரைக்குடியில் கூடவே இருந்து பார்த்துக்கொள்வது நான்தான். கண்ணின் வெள்ளைப் பகுதியில் சின்ன வழி திறந்து, உள்ளே தேங்கும் நீரை வடிய விட்டு, கண் அழுத்தத்தைக் குறைக்கிற ஆபரேஷன் இது. வடிகிற நீர் மேல் இமைக்கு அடியில் சிறு கொப்புளமாக நிற்கும். டாக்டர்கள் அதை 'பிளெப்' என்பார்கள். அது இருக்க வேண்டியதுதான், பயப்படாதீர்கள். கண்ணை மட்டும் கசக்கக் கூடாது.

புண் சீக்கிரம் ஆறுவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இந்த வழி தழும்பேறி மூடிக்கொண்டால் அழுத்தம் பழையபடி ஏறிவிடும். அதைத் தடுக்கத்தான் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. சிவப்பு போய்விட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன கணக்கில்தான் குறைக்க வேண்டும். அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அதனால் செக்கப் தேதியைக் கல்யாணம், படைப்பு என்று எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். நேரத்தோடு போனால் லேசரில் ஒரு தையலைத் தளர்த்தியோ, ஊசியால் தழும்பை விலக்கியோ சரிசெய்ய வழி உண்டு.

மருந்தில்தான் நிறையக் குழப்பம் வருகிறது. ஆபரேஷன் ஆன கண்ணுக்குப் பழைய அழுத்த மருந்தைப் பெரும்பாலும் நிறுத்துவார்கள். மற்ற கண்ணுக்கு அது தொடரும். ஆத்தாவின் வலது கண் மருந்துப் புட்டிகளின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் 5 நிமிடமாவது இடைவெளி விடுங்கள். புட்டி நுனி இமையில் படக் கூடாது.

அழுத்தம் அதிகமானால் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். நீர் அளவுக்கு மீறி வடிந்து அழுத்தம் 5 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே போனாலும் பார்வை மங்கும். அந்தச் சமயத்தில் பலமாக இருமினாலோ முக்கினாலோ கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். அதனால் சளியையும் மலச்சிக்கலையும் ஆரம்பத்திலேயே கவனித்துவிடுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை குனிந்து கோலம் போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, எண்ணெய்க் குளியல், ஊருணிக் குளியல் எதுவும் வேண்டாம்.

கன்னத்தில் திடீரென்று நீர் வழிந்துகொண்டே இருந்தால் பிளெப் கசிகிறதா என்று அன்றைக்கே காட்டுங்கள். திடீரென்று கடும் வலி வந்து பார்வை இருண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

கிருமித் தொற்று, ஆபரேஷன் ஆகிப் பல வருஷம் கழித்தும் வரலாம். அந்தக் கண்ணில் சிவப்பு, வலி, பீளை, மங்கல் இதில் எது வந்தாலும் மெட்ராஸ் ஐ என்று நினைத்து மருந்துக்கடையில் சொட்டு வாங்கிப் போடாதீர்கள். தாய்ப்பால், இளநீர் எதுவும் விட வேண்டாம். இங்கிருந்து கண் ஆஸ்பத்திரி இருக்கிற மதுரை 90 கிலோமீட்டர் போல இருக்கும். ராத்திரியானாலும் காரைப் பிடித்துப் புறப்படுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் எல்லா மருந்துப் புட்டிகளையும் பையில் எடுத்துக்கொண்டு, பிளெப் உள்ள கண் சிவந்திருக்கிறது என்று வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.